சிவப்பும் ஊதாவும் தாவரத் திசுவின் எந்த அடுக்கில் இருக்கின்றன?

கேள்வி (இளநிலைத் தாவரவியல் மாணவர்)

வணக்கம். ரியோ என்ற அலங்காரச் செடியின் இலையிலிருந்து அடிப்புறத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாச் செல்களும் ஊதாச் சாற்றால் நிரம்பியிருக்க, இலைத்துளையின் காப்புச் செல்கள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன. சிவப்பு ரோஜா இதழைக் குறுக்காக வெட்டியபோது மேல், கீழ் விளிம்புகளில் மட்டுமே நிறம் இருந்தது, நடுப்பகுதி வெளிறியிருந்தது. பீட்ரூட்டிலோ உள்ளே எங்கு வெட்டினாலும் சிவப்பு. சிவப்புக் குடைமிளகாயின் சதையில் செல்லின் சாறு நிறமற்றிருக்க, சிறு சிறு சிவந்த துகள்களே கண்ணில் பட்டன. இந்த நான்கையும் ஒரே விதியில் அடக்க முடியுமா?

பதில் 1

ஒரே விதியில் அடங்காது. காரணம், உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தத் திசு அடுக்கு நிறம் பெறுகிறது என்பது ஒன்று. அந்த அடுக்கின் செல்லுக்குள் நிறமி எங்கே தங்குகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை இனத்துக்கு இனம், உறுப்புக்கு உறுப்பு மாறும். இரண்டாவதற்கான விடையை நிறமியின் வேதியியல்பே தீர்மானிக்கிறது.

ரோஜாவிலும் ரியோவிலும் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. அது நீரில் கரையும்; செல்லின் சைட்டோபிளாசத்தில் உருவாகி, வாக்குவோல் எனப்படும் நுண்குமிழுக்குள் கொண்டு செல்லப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. முதிர்ந்த செல்லின் பெரும்பகுதியை வாக்குவோலே அடைத்துக்கொள்வதால்தான் செல் முழுவதும் சாயம் பூசியதுபோல் தோன்றுகிறது. பீட்ரூட்டின் பீட்டாலைனும் வாக்குவோலில்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு குடும்பத்து நிறமி. ஆந்தோசயனின் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. பீட்டாலைன் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது, அதன் மூலக்கூறில் நைட்ரஜனும் உண்டு. குடைமிளகாயின் சிவப்போ கேப்சாந்தின் என்ற கரோட்டினாய்டு வகை நிறமி. அது நீரில் கரையாது என்பதால் வாக்குவோலில் அதற்கு இடமில்லை, செல்லுக்குள் நிறமி தாங்கும் சிறு உறுப்புகளான வண்ணக்கணிகங்களில் தங்குகிறது. நீங்கள் கண்ட துகள்கள் அவையே.

பதில் 2

மேலே கூறப்பட்டதுடன் உடன்படுகிறேன். ஆயினும் ரோஜாவைப் பார்த்துவிட்டு, இதழின் நிறம் எப்போதும் புறத்தோலில்தான் இருக்கும் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பெரும்பாலான மலர்களில் அப்படித்தான், ஹைட்ராஞ்சியா விதிவிலக்கு. அதில் இதழ்போல் விரிந்து நிற்பவை புல்லி இதழ்கள். நிறமி அவற்றின் புறத்தோலில் அல்லாமல், அதற்கு அடுத்த அடுக்கின் செல்களில் இருக்கிறது.

இலைகளில் வேறுபாடு இன்னும் அதிகம். சில இனங்களில் மேல்புறத்தோல், ரியோவில் பெரிதும் கீழ்ப்புறத்தோல், இலையுதிர் காலத்தில் சிவக்கும் பல மரங்களில் மேல்புறத்தோலுக்குக் கீழே நெருக்கமாக நிற்கும் நீண்ட பாலிசேட் செல்கள், சிலவற்றில் இலைத் தூவிகள் மட்டும் என நிறம் இடம் மாறுகிறது. பச்சையத்துக்கு மேலே சிவப்பு படிந்திருந்தால் இலை கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும் என்பதால், வெளித்தோற்றத்தை வைத்து அடுக்கை ஊகிப்பது பயனற்றது. குறுக்குவெட்டு எடுத்தே ஆகவேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை: கத்தி பட்டு உடைந்த செல்களின் சாயம் அண்டைச் செல்களின் மீது பரவி, இல்லாத இடத்திலும் நிறம் இருப்பதாகக் காட்டும். வெட்டிய சீவலை நீரில் அலசிய பின், உடையாத செல்களை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். செல் உடையவில்லை என்பதை உறுதிசெய்ய அடர்ந்த உப்புக் கரைசலை விட்டுப் பாருங்கள். உயிருள்ள செல்லில் வாக்குவோல் சுருங்க, நிறம் அதனுடன் உள்ளே ஒடுங்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ரியோத் தோலில் உப்புக் கரைசல் சோதனையைச் செய்தேன். ஊதா நிறம் செல்சுவரை விட்டு விலகி, நடுவில் ஒடுங்கியது. ஆனால் ஆந்தோசயனினும் பீட்டாலைனும் ஒரே வாக்குவோலில் கலந்திருக்கக் கூடுமே? பார்வையால் எப்படிப் பிரித்தறிவது?

பதில் 3

அந்தக் கவலை வேண்டாம். இயற்கையில் இவ்விரண்டும் ஒரே தாவரத்தில் சேர்ந்து காணப்பட்டதில்லை. பூக்கும் தாவரங்களில் பீட்டாலைன் கேரியோஃபில்லேல்ஸ் துறைக்குள் (பல தாவரக் குடும்பங்களை உள்ளடக்கிய வகைப்பாட்டுப் பிரிவு) மட்டுமே உண்டு: பீட்ரூட், கீரைத்தண்டு, கோழிக்கொண்டை, கள்ளி, போகன்வில்லாவின் பூவடிச்செதில். அத்துறைக்குள்ளும் கார்னேஷனின் குடும்பம் ஆந்தோசயனினையே உருவாக்குகிறது. இது ஏன் என்பது வகைப்பாட்டியலில் எனக்கு மிகப் பிடித்த புதிர்.

பார்வையால் மட்டும் பிரித்தறிய இயலாது. சாற்றைச் சோதிக்க வேண்டும். ஆந்தோசயனின் அமிலத்தில் சிவந்து, சமையல் சோடா இட்டால் நீலமாகவோ, கூடவே இருக்கும் வெளிர்மஞ்சள் நிறமிகளால் பச்சையாகவோ மாறும். பீட்ரூட் சாறு சமையல் சோடாவுக்கு அவ்வளவாக அசையாது. வலிமையான காரத்தில்தான் மஞ்சளாகும். குடைமிளகாய்த் துண்டு நீருக்கு நிறம் தராது. எண்ணெயில் சூடாக்கினால் தரும்.

கேள்வி கேட்டவர்

மூன்றையும் செய்துவிட்டேன். ரோஜாச் சாறு பச்சையானது, பீட்ரூட் மாறவில்லை, குடைமிளகாய் எண்ணெயை மட்டும் செம்மஞ்சளாக்கியது. அடுத்து ஹைட்ராஞ்சியாவின் புல்லி இதழைக் குறுக்காக வெட்டிப் பார்க்கப் போகிறேன்.