மர்ரே 2019-லேயே நிறுத்தியிருக்க வேண்டுமா?

செம்மண்தரை:
பிரிட்டிஷ் டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேவின் கடைசி ஐந்தரை ஆண்டுகளை விடாமுயற்சிக்கு உதாரணமாக எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2019 ஜனவரியில் மெல்போர்னில் கண்கலங்கி விடைபெற்றார், அதே மாதம் லண்டனில் இடுப்பு அறுவை சிகிச்சை. அதன்பின் ஒற்றையரில் ஒரே ஒரு ஏடிபி (ஆண்களுக்கான முதன்மைத் தொடர்) பட்டம். கிராண்ட் ஸ்லாமில் மூன்றாம் சுற்றைத் தாண்டவே இல்லை. உலகின் முதல் நிலை வீரராக இருந்தவருக்கு இது தேவையா? 2020 பிரெஞ்சு ஓப்பனில் வைல்டு கார்டில் (தரவரிசை போதாதவருக்கு அமைப்பாளர்கள் தரும் சிறப்பு இடம்) நுழைந்து வாவ்ரிங்காவிடம் 6-1, 6-3, 6-2 என்று தோற்றார். இளைஞர்களுக்குப் போக வேண்டிய இடத்தை இவர் வாங்கலாமா என்று முன்னாள் சாம்பியன் மாட்ஸ் விலாண்டர் கேட்டார். கேட்டவரைத் திட்டினார்களே தவிர, யாரும் பதில் சொல்லவில்லை.

நெட்டோரம்:
அந்த "ஒரே ஒரு" பட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள் அண்ணா. 2019 அக்டோபர், ஆன்ட்வெர்ப். எதிரே அதே வாவ்ரிங்கா. 3-6, 6-4, 6-4. தொடை எலும்பின் தலைக்கு உலோகத் தொப்பி, அது பொருந்தும் குழிக்கு உலோகக் கிண்ணம் வைத்து ஒன்பது மாதம்கூட முழுதாக ஆகவில்லை. பாப் பிரையன் அதே சிகிச்சை முடித்து முன்பே திரும்பியிருந்தார், ஆனால் அவர் இரட்டையர் ஆட்டக்காரர். பாதி மைதானத்தைக் காப்பதும், முழு மைதானத்தில் ஐந்து செட் ஓடுவதும் ஒன்றா?

வைல்டு கார்டு விஷயம் 2020-க்குப் பொருந்தும், சரி. 2023 ஆஸ்திரேலிய ஓப்பனில் தரவரிசையால்தான் உள்ளே வந்தார். கொக்கினாகிஸிடம் முதல் இரண்டு செட்டை இழந்தும் 5 மணி 45 நிமிடம் ஆடி, விடியற்காலை 4 மணி தாண்டி ஜெயித்தார். அந்த ஆண்டே எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ், சர்பிட்டன், நாட்டிங்காம் என்று மூன்று சேலஞ்சர் (ஏடிபி தொடருக்கு அடுத்த கீழ்நிலைப் போட்டிகள்) பட்டங்கள். மூன்று கிராண்ட் ஸ்லாம் வென்றவர் சேலஞ்சரில் இறங்கி ஆடுவதற்கு மனசு வேண்டும்.

செம்மண்தரை:
மனசு அர்ஜென்டினாவின் டெல் பொட்ரோவுக்கும் இருந்தது தம்பி. மணிக்கட்டு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜோகோவிச்சை வீழ்த்தி வெள்ளி, 2018 அமெரிக்க ஓப்பன் இறுதி. அதே ஆண்டு ஷாங்காயில் முழங்கால் சில்லு உடைந்தது. திரும்பி வந்தார். 2019-ல் லண்டன் குயீன்ஸ் போட்டியில் மறுபடி உடைந்தது. இன்று படி ஏறினாலே வலிக்கிறது என்று அவரே சொல்கிறார். அதே குயீன்ஸில் மர்ரே இரட்டையர் பட்டம் வென்றார் என்பதால் அவருடைய கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிசியோமாலா:
பிசியோதெரபிஸ்ட்டாக ஒன்று சொல்கிறேன். இரண்டு பேரும் முயற்சியையே அளக்கிறீர்கள், வலியை விட்டுவிட்டீர்கள். 2019-ல் மர்ரே, காலுறை போடுவதுகூட வலிக்கிறது என்றார். அந்த அறுவை சிகிச்சையின் முதல் நோக்கமே சாதாரண வாழ்க்கைதான், டென்னிஸ் அப்புறம். வலி போனது, பிறகு ஆடிப் பார்த்தார். டெல் பொட்ரோவின் முழங்கால் வலி போகவே இல்லை. என்னிடம் வருகிறவர்கள் பலரும் "எப்போது களத்தில் இறங்கலாம்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ராத்திரி வலியில்லாமல் தூங்குகிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

நெட்டோரம்:
இது நல்ல பிரிப்பு. இன்னொன்று: திரும்பி வருவது மட்டுமே பெருமை என்றால் ஓய்விலிருந்து திரும்பிய பழைய சாம்பியன் பியோர்ன் போர்க்கையும் சேர்க்க வேண்டும். 1991-ல் மான்டே கார்லோவுக்கு மரத்தாலான ராக்கெட்டோடு வந்து ஜோர்டி அர்ரெஸேயிடம் தோற்றார். 1993 வரை முயன்றும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. மர்ரே மாறிய உடம்புக்கு ஏற்பத் தன் ஆட்டத்தையே திருத்திக்கொண்டு வந்தார்.

செம்மண்தரை:
மாலா சொன்னதை ஏற்கிறேன். 2023 வரைக்கும் வாயை மூடிக்கொள்கிறேன். 2024? மார்ச்சில் மியாமியில் கணுக்கால் தசைநார் கிழிந்தது, ஜூனில் முதுகில் அறுவை சிகிச்சை. அதற்கும் 'இடுப்பு வலி போனது, ஆடிப் பார்த்தார்' என்ற சமாதானம் செல்லுமா?

நெட்டோரம்:
செல்லாது. ஆனால் பாரிஸ் ஒலிம்பிக் இரட்டையர் முதல் சுற்றில் டான் எவன்ஸோடு சேர்ந்து ஐந்து மேட்ச் பாயிண்ட்டை (எதிரணி ஆட்டத்தை முடிக்க ஒரே புள்ளி தேவைப்படும் தருணம்) தடுத்து ஜெயித்தாரே, பார்க்கவில்லையா?

செம்மண்தரை:
பார்த்தேன். காலிறுதியில் ஃபிரிட்ஸ், பால் ஜோடியிடம் தோற்றதையும் பார்த்தேன்.