கேட் ரிசல்ட்டுக்குப் பிறகு மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு: உங்களுக்கும் உண்டா?

கரூர்_சிவில்:

எம்.டெக். சேர எழுதும் கேட் நுழைவுத் தேர்வில் எனக்குக் கட்ஆஃபுக்கு மேல் இரண்டு மார்க், ஆயிரத்துக்கு ஸ்கோர் 369. இதை வைத்துக்கொண்டு எங்கே சீட் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எழுத வந்தது அப்பாவைப் பற்றி.

அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். ரிசல்ட் பக்கத்தில் இருந்த "குவாலிஃபைட்" என்ற ஒரு சொல்தான் அவருக்குப் புரிந்தது. அன்றைக்கே பட்டறை முழுக்க ஜாங்கிரி வாங்கிக் கொடுத்துவிட்டார். ஸ்கோர் கார்டு வந்ததும் கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு போனார். மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது பார்க்கிறேன், முருகன் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் என் ஸ்கோர் கார்டு தொங்குகிறது.

வெல்டிங் அண்ணன் ஒருவர் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து அதைப் படித்தார். மேலே இருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, "ஐ.ஐ.டி.யா பாப்பா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "இனிமே அப்ளை பண்ணணும்ப்பா, பாஸ் ஆயிட்டா இல்ல" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் தலையாட்டினேன்.

அந்தச் சிரிப்புதான் தூங்கவிடாமல் செய்கிறது. தினமும் ராத்திரி, "எப்ப சென்னை போகணும்?" என்று கேட்கிறார். தகுதி பெறுவதற்கும் சீட் கிடைப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை, ஊரெல்லாம் இனிப்பு கொடுத்து முடித்த மனிதரிடம் எப்படிச் சொன்னீர்கள்? அப்படிச் சொன்னவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

ஓசூர்_மெக்:

அப்பா விஷயத்தில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, என் அப்பா தவறிவிட்டார். என்னை விடாமல் பிடித்திருப்பது ஒரு இன்டர்வியூ.

ஸ்கோர் சுமார்தான். எம்.டெக். வாய்ப்பு இல்லை என்று தெரிந்து, ஆராய்ச்சி வழியிலான எம்.எஸ்.ஸுக்குப் பல இடங்களில் விண்ணப்பித்தேன். ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். ஷிஃப்ட் முடித்து நேராக ராத்திரி பஸ். உள்ளே நான்கு பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் என் ஸ்கோர் கார்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்து வைத்தார். அந்த முதுகுப் பக்கத்தையே என் பக்கம் தள்ளி, "இதுல ஒரு தட்டையான பிளேட் வரைங்க, அதுக்கு மேல பவுண்டரி லேயர் போடுங்க" என்றார். ஜெராக்ஸ்தான். இருந்தாலும் ஸ்கோர் கார்டின் மேல் பேனாவை வைக்கக் கை கூசியது.

தகட்டை ஒட்டி ஓட்டம் வேகம் குறைந்து போகும் மெல்லிய படலம்தான் பவுண்டரி லேயர். வரைந்தேன். சுவரின் மேல் ஷியர், அதாவது ஓட்டம் சுவரை உரசி இழுப்பது, எங்கே அதிகம் என்று கேட்டார். முன் விளிம்பில், லேயர் அங்கேதான் மெல்லிசு என்றேன். "சரி, டர்புலன்ட் ஆன பிறகு?" கூடும் என்று தெரியும், ஏன் என்று சொல்ல வரவில்லை. "வெளியே உட்கார்ந்து யோசிங்க, அடுத்தவர் முடிச்சதும் வாங்க" என்று அனுப்பினார். படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். குழம்பிச் சுழல்கிற ஓட்டம் வேகத்தைச் சுவர் வரைக்கும் இறக்கிக் கொண்டுவருகிறது, அதனால் சுவருக்குப் பக்கத்தில் வேகச் சரிவு செங்குத்தாகிவிடுகிறது. திரும்பிப் போய் இதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "ஸ்கோரைப் பார்த்து நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்" என்றார்.

செலக்ட் ஆகவில்லை. வெயிட்டிங் லிஸ்ட், அதுவும் நகரவே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை எங்கே வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வந்து நிற்கிறது.

இசிஇ_2019:

ஓசூர் நண்பரே, அது பாராட்டு. அதற்கு மேல் யோசிக்காதீர்கள்.

கரூர் தங்கை, உங்களிடம் எனக்கு மறுப்பு இருக்கிறது. "என்ன கிடைக்காது என்று சொல்லவேண்டியதில்லை" என்கிறீர்கள். 369-ஐ அவ்வளவு சீக்கிரம் மூட்டை கட்டாதீர்கள். என் ரிசல்ட் நாளில் எங்கள் மாமா போனில், "350ன்னா ஆயிரத்துக்கா?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் எதுவுமே பேசவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தால், எந்தக் கவுன்சலிங்குக்கும் பதியாமல் அந்த வருடத்தையே விட்டுவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள். தகுதி மார்க்கை அப்படியே எடுத்தவருக்கு 350. உச்சியில் இருக்கும் ஒரு சிறு கூட்டத்தின் சராசரிக்கு 900. இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோட்டில்தான் மற்றவர்களின் ஸ்கோர் அமையும். ஆயிரத்துக்கு முப்பத்தேழு சதவீதம் என்று யாராவது கணக்குப் போட்டால் அது தவறான கணக்கு. ஸ்கோர் மூன்று வருடம் செல்லும், அதையும் சொல்லுங்கள்.

அடுத்து, சிஓஏபியில் பதிந்துவிடுங்கள், ஐ.ஐ.டி. ஆஃபர்கள் அங்கேதான் வரும். வரவில்லை என்றாலும் நஷ்டம் இல்லை. சிசிஎம்டி என்.ஐ.டி.களுக்கான கவுன்சலிங். அதில் முதல் சுற்றைப் பார்த்துவிட்டு வெளியேறுகிறவர்கள்தான் அதிகம். கடைசியில் வரும் ஸ்பாட் ரவுண்டு வரை நில்லுங்கள். சிவிலில் எல்லோரும் ஸ்ட்ரக்சுரல் பின்னால் ஓடுவார்கள். என்விரான்மென்டல், வாட்டர் ரிசோர்சஸ் பக்கம் பாருங்கள், போட்டி குறைவு. அண்ணா பல்கலைக்கழகத்து எம்.இ.க்கு டான்கா கவுன்சலிங் இருக்கிறது. சீட்டா என்ற மாநில நுழைவுத் தேர்வு எழுதியவர்களுக்கு முன்னால் கேட் ஸ்கோர் இருப்பவர்களைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து மாவட்டக் கல்லூரி என்று தள்ளிவிடாதீர்கள். ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி பெற்ற இடத்தில் முழுநேரமாகச் சேர்ந்தால், கேட் தகுதிக்கு மாதம் 12,400 உதவித்தொகை. உங்கள் அப்பா ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தது வீண் இல்லை, இந்தத் தொகைக்குத் தகுதி என்பதே அந்த ஒரு சொல்தான்.

கரூர்_சிவில்:

நன்றி அண்ணா. 12,400 விஷயம் உண்மையிலேயே அப்பாவிடம் சொல்லக்கூடியது, அதை எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் நான் கவுன்சலிங் கேட்கவில்லை. ஆணியில் தொங்குவதை எப்படிப் பார்ப்பது என்றுதான் கேட்டேன்.

நெட்வொர்க்ஸ்_டீச்சர்:

தனியார் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். பி.இ. முடித்ததும் கல்யாணம், குழந்தை. எட்டாத ஒன்றாகவே இருந்த எம்.டெக்.கை இந்த முறையாவது பிடித்துவிட வேண்டும் என்று, என் மாணவர்களோடு சேர்ந்து நானும் எழுதினேன். சாயங்காலம் லேபில் ஐந்தாறு பேராக உட்கார்ந்து பழைய கேள்வித்தாள் போடுவோம். பாடம் எடுப்பது நான். வீட்டுக்குப் போனால் சமையல், குழந்தையின் ஹோம்வொர்க், அப்புறம்தான் என் புத்தகம்.

எனக்குக் கட்ஆஃப் கூட வரவில்லை.

அடுத்த நாள் ஸ்டாஃப் ரூமுக்கு அந்தக் குழுவில் இருந்த பையன் வந்தான். நல்ல ரேங்க். கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம். அவர்கள் வீட்டில் அதற்குத்தான் வசதி. "மேடம், டூ-போர்ட் சர்க்யூட் கேள்வி வந்துச்சு மேடம். கேஸ்கேடுன்னா மேட்ரிக்ஸைப் பெருக்குன்னு நீங்க சொன்னீங்கல்ல, அப்படியே வந்துச்சு" என்றான். கண்ணெல்லாம் பூரிப்பு. எனக்கும் உள்ளிருந்து சந்தோஷம் பொங்கியது, அதில் பொய்யே இல்லை. அப்புறம் அவன், "மேடம் உங்களுக்கு?" என்று கேட்டான். மற்ற மேடம்கள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். "எனக்கு வரலப்பா" என்றேன். அவன் நீட்டிய கையைப் பின்னால் இழுக்கவும் தெரியாமல், கொடுக்கவும் தெரியாமல் நின்றான். நானே பொட்டலத்தைப் பிரித்து ஒன்று எடுத்துக்கொண்டேன்.

கரூர் பெண்ணே, யோசனை சொல்லத் தெரியவில்லை. நான் அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். மாமியார், "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். உங்கள் அப்பாவுக்கு ஆணி அடிக்கவாவது தோன்றியிருக்கிறது.

ஜிஆர்இ_2024:

கேட் இல்லை, வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ., பரவாயில்லையா? நீங்கள் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து தெரிந்துகொள்வதை நாங்கள் அந்த நாற்காலியிலேயே தெரிந்துகொள்கிறோம். கடைசிக் கேள்வி முடிந்ததும் திரையில் கேட்கும், ஸ்கோரை அனுப்பவா, ரத்து செய்யவா என்று. எண்ணைக் காட்டாமலே கேட்கும். அனுப்பு என்று அழுத்தினால்தான் வெர்பல் (மொழி), குவான்ட் (கணக்கு) இரண்டின் ஸ்கோரும் வரும். எனக்கு இரண்டும் சேர்த்து 303.

மனதை விட்டுப் போகாமல் இருப்பது அது இல்லை. அடுத்த வாரம் ஒரு கன்சல்டன்சிக்கு அம்மாவோடு போனேன். அங்கிருந்தவர் நான் எழுதிக்கொண்டுபோன யுனிவர்சிட்டி பட்டியலைப் பார்த்து, என்னிடம் பேசாமல் அம்மாவிடம், "இந்தப் பேரெல்லாம் சும்மா ஆசைக்கு எழுதியிருக்காரும்மா" என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தார். அம்மாவுக்கு அந்தப் பெயர்களைப் படிக்கக்கூடத் தெரியாது. ஆனால் பேனா போகிற ஒவ்வொரு கோட்டுக்கும் அம்மாவின் விரல்கள் ஃபைலை இறுக்கிப் பிடித்தன. அவர் அடித்த பெயர்களில் இரண்டு, அந்த வருடம் ஜி.ஆர்.இ.யே கேட்கவில்லை என்று பிறகுதான் பார்த்தேன். இரண்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். பதில் வரவில்லை.

வேளச்சேரி_சிஎஸ்:

இசிஇ_2019 சொன்னதில் பாதி சரி. ஆனால் "கடைசி ரவுண்டு வரை நில்லுங்கள்" என்பதை எல்லோருக்கும் சொல்லாதீர்கள். நிற்கிற மாதங்களுக்கு வீட்டு வாடகை யார் கொடுப்பது? நான் போன வருடம் நின்றேன். ஜூலை தாண்டியது, கையில் ஒன்றும் இல்லை, வந்த வேலையும் போய்விட்டது. கிடைத்த துறை நமக்குப் பிடிக்காததாக இருந்தால் இரண்டு வருடம் யார் படிப்பது என்பதும் இருக்கிறது. போட்டி குறைவு என்பதற்காக ஒரு பெண்ணை வாட்டர் ரிசோர்சஸ் பக்கம் தள்ளுவது என்ன நியாயம்? அவருக்குத் தண்ணீர் பிடிக்குமா என்று கேட்டீர்களா? மெக்கானிக்கல் நண்பர் பவுண்டரி லேயரைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள், அவருக்கு அது பிடித்திருக்கிறது. வெயிட்டிங் லிஸ்ட் நகராவிட்டாலும் அவர் அடுத்த வருடமும் போகவேண்டிய ஆள்.

என் கதை சின்னது. நானும் ரூம்மேட்டும் ஒன்றாகப் படித்தோம். ஒரே டெஸ்ட் சீரிஸுக்குப் பாதிப் பாதி காசு போட்டோம். சி.எஸ். பேப்பர் இரண்டு ஷிஃப்ட், அவனுக்குக் காலை, எனக்கு மதியம். அவனுக்கு இருநூறுக்குள் ரேங்க். எனக்கு ஐந்து இலக்கம். அவன் என் திரையைப் பார்த்தான், தன் லேப்டாப்பை மூடினான், "தண்ணி கேன் வந்துச்சா பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு மேலே மொட்டை மாடிக்குப் போனான். மாடிப்படி ஜன்னல் எங்கள் ரூமுக்கு நேர் மேலே. அவன் அவனுடைய அம்மாவிடம், "கத்தாதம்மா, மெதுவாப் பேசு, அவனுக்கு வரல" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மறுமுனையில் அந்த அம்மா என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டிருக்க வேண்டும். "தெரியலம்மா, சாப்பிட வைக்கிறேன்" என்றான்.

இறங்கி வந்தவனிடம் நானே போய்க் கையைக் கொடுத்தேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் பரோட்டா சாப்பிடப் போனோம். அவனுக்கு வந்த ஆஃபரை ஏற்று அதோடு நிறுத்திக்கொள்ளும் "அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்" அழுத்துவதற்கு முன்னால், அவசரப்படாதே, இதைக் கையில் வைத்துக்கொண்டே "ரீடெய்ன் அண்ட் வெய்ட்" போட்டு இன்னொரு சுற்று பார் என்று சொன்னது நான்தான். அடுத்த சுற்றில் அவன் கேட்ட இடமே வந்தது.

இசிஇ_2019:

வாடகை விஷயம் நியாயம்தான், அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் வாட்டர் ரிசோர்சஸ் மோசமான துறை இல்லை. கரூர் தங்கை, அமராவதிக் கரையில் இருந்துகொண்டு அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். டான்கா அறிவிப்பு வந்ததும் இங்கே போடுகிறேன்.