பிரிந்த பின் கூட்டு வீட்டுக்கடன்: அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தை அக்கா:
கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் விவாகரத்துத் தீர்ப்பு கிடைத்து, மூன்று மாதம் கழித்து அது முடிவான தீர்ப்பாகவும் ஆயிற்று. தொடர்மாடி வீடு எனக்கு, மீதிக் கடனும் எனக்கு என்று நானும் முன்னாள் கணவரும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருந்தோம். வங்கி அந்தத் தாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடன் ஒப்பந்தத்தில் இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு, அதாவது முழுக் கடனையும் யாரிடமும் கேட்கலாம். எங்களுக்குள் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவருடைய பெயரை நீக்க வேண்டுமானால், என் சம்பளத்தை மட்டும் காட்டிப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

காலமும் கெட்ட காலம். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே மூச்சில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியிருந்தது. எங்களுடையதோ மாறும் வட்டிக் கடன். இரண்டு சம்பளத்துக்கே இழுபறியாக இருந்த தவணை. அண்ணாவை இணைக் கடனாளியாகச் சேர்த்த பிறகுதான் வங்கி இசைந்தது.

பழைய ஈட்டை (அடமானத்தை) விடுவிப்பது, அவருடைய பாதியை என் பெயருக்கு எழுதுவது, புதிய ஈட்டு உறுதி (பத்திரம்) ஆகிய மூன்றையும் ஒரே நாளில் ஒரே நொத்தாரிசின் முன் முடிக்கும்படி பிடிவாதமாக நின்றேன். இடையில் ஒரு வாரம் விட்டால் மனிதர் மனம் மாறிவிடும். முத்திரைத் தீர்வையை யார் கட்டுவது என்றும் உடன்படிக்கையில் எழுதிவிடுங்கள். எங்கள் சட்டத்தரணிகள் இருவரும் அதை விட்டுவிட்டார்கள். அதற்கென்று தனியாக ஒரு சண்டை நடந்தது.

தெகிவளைத் தம்பி:
அக்கா, என் கதை நேர்மாறு. வீட்டை விட்டு வெளியேறியவன் நான், பெயர் மட்டும் கடனில் தங்கிவிட்டது. வாகனத்துக்கு லீசிங் கேட்டபோதுதான், கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் என் பெயருக்கு நேரே வீட்டுக்கடன் நிலுவை நிற்பதைக் காட்டினார்கள். அறிவித்தல்கள் எல்லாம் பழைய முகவரிக்கே போயிருக்கின்றன. பிரித்துப் பார்த்த முன்னாள் மனைவி வாய் திறக்கவில்லை. பிரிந்தவுடன் புதிய முகவரியை வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். கிரிப் அறிக்கையை நாமே விண்ணப்பித்துப் பெறலாம்.

அதைவிடப் பயமுறுத்தியது பராட்டே. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, வங்கி வழக்குப் போடாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தை வைத்து ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விடலாம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத எங்களை அந்தப் பயம் ஒரே மேசையில் உட்கார வைத்தது. நாங்களே ஆள் பிடித்து விற்றோம். வீட்டை வாங்கியவர் கடன் மீதிக்கான காசோலையை நேரே வங்கியின் பெயருக்கு எழுதினார், மிச்சத்தைப் பிரித்துக்கொண்டோம்.

சுன்னாகத்துப் பிள்ளை, இப்போது பம்பலப்பிட்டி:
யாழ்ப்பாணத்து ஆட்கள் சட்டத்தரணியிடம் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டம்) பற்றி முதலிலேயே கேளுங்கள். எங்கள் வீட்டு உறுதி கணவர் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் மணம் முடித்த பின் உழைத்து வாங்கியது தேடியதேட்டம், அதில் எனக்கும் பங்கு உண்டு என்று வாதாடுகிறோம். முற்பணம் அப்பா தந்த சீதனக் காசு. அது என் தனிச்சொத்து என்பது தனி வாதம். அந்தக் காசு எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று காட்டும் பழைய வங்கிக் கூற்றுகளைத் தேடி எடுக்கத்தான் பெரும்பாடு. வழக்கு நடக்கிறது.

வெள்ளவத்தை அக்கா:
பிள்ளை, கடனோடு எடுத்த காப்புறுதியையும் பாருங்கள். எங்களுடையது அவர் உயிரின் மேல் மட்டும் இருந்தது. தவணை கட்டும் எனக்கு ஏதும் நடந்தால் வங்கிக்கு ஒரு சதமும் போயிருக்காது. புதிய கடனில் அதை என் பெயருக்கு மாற்றினேன்.