எங்கள் கரைப் பெண்பிள்ளைகளை வைத்துச் சிரிப்புத் தொடர் எழுதினால் ஊர் சும்மா விடுமா?

தங்கச்சிமடத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தங்கச்சிமடம். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் போனில் தொடர் பார்ப்பேன். லீவு நாள் என்றால் பாம்பன் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுப்பவர்கள் புண்ணியத்தில் இன்னொரு எபிசோடும் ஓடும்.

அப்படிப் பார்த்ததுதான் 'நெவர் ஹாவ் ஐ எவர்'. அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பெண் தேவி விஷ்வகுமார். பள்ளிக் கச்சேரியில் இவள் ஹார்ப் வாசிக்கும்போது அப்பா சரிந்து விழுந்து இறந்துபோகிறார். அந்த அதிர்ச்சியில் மூன்று மாதம் இவளுக்குக் கால் நடக்கவில்லை. இவ்வளவு பெரிய சோகத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பெண், முதல் காட்சியில் சாமி முன்னால் நின்று என்ன கேட்கிறாள் தெரியுமா? கையில் முடி குறைய வேண்டும், ஒரு பாய்ஃப்ரெண்ட் வேண்டும். பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கை முடிக்குக் கடலைமாவு தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தவள் நான்.

எனக்கும் அப்படி ஒன்று எழுத ஆசை. பிளஸ் டூ படிக்கும் நான்கு பெண்கள், ஆறு சின்ன எபிசோட், யூடியூபில் போடலாம். கேமராவுக்குத் தோழியின் போன், மைக் சித்தி மகன் தருகிறேன் என்றிருக்கிறான். சிக்கல் என்னவென்றால், யாரிடம் சொன்னாலும் "மீனவர் கதையா? அப்போ நேவி சுடணும், அம்மா கரையில உக்காந்து அழணும்" என்கிறார்கள். எங்கள் மாமா கிளைமாக்ஸே சொல்லிவிட்டார், அதில் கதாநாயகி கலெக்டர் ஆகிறாள்.

என் சந்தேகம் இதுதான். இங்கே இலங்கை நேவியிடம் படகு பிடிபடுவதும் ஸ்ட்ரைக்கும் நிஜமாகவே நடக்கிறது. இரண்டாவது எபிசோடில் ஒருத்தியின் அப்பா பிடிபட்டால், மூன்றாவது எபிசோடில் இன்னொருத்தி ஹேர் ஸ்ட்ரெய்ட்டனிங்குக்குக் காசு சேர்ப்பதை எப்படிக் காட்டுவது? மற்ற ஊர்க்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

மண்டபம் அக்கா

தங்கச்சி, நான் மண்டபத்தில் வளர்ந்தவள், இப்போது மதுரையில் இருக்கிறேன். நீ உடனே 'டெர்ரி கேர்ள்ஸ்' பார். இங்கிலாந்தின் சேனல் 4-ல் 2018 முதல் 2022 வரை வந்தது, மூன்று சீசன், மொத்தமே 19 எபிசோட். ஆங்கிலம் புரியாவிட்டால் வெட்கப்படாதே, சப்டைட்டில் போட்டுக்கொள். அவர்கள் பேசும் வேகம் நம் மார்க்கெட் ஏலத்தை விட மோசம்.

வடக்கு அயர்லாந்தில் டெர்ரி நகரம், 1990-கள். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்ட்காரருக்கும் பகை, தெருவில் பிரிட்டிஷ் ராணுவம், எங்கே குண்டு வெடிக்கும் என்று தெரியாது. எழுதிய லிசா மெக்கீ அந்த ஊர்க்காரி. அவர் எடுத்துக்கொண்டது கன்வென்ட்டில் படிக்கும் நான்கு பெண்களையும், கூட ஒட்டிக்கொண்ட ஓர் இங்கிலீஷ் பையனையும். பையன்கள் பள்ளியில் சேர்த்தால் அடித்தே போடுவார்கள் என்று அவனைப் பெண்கள் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள்! ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் மைக்கேல் கண்ணை உருட்டும் உருட்டலை, கன்வென்ட்டில் படித்த யாரும் எங்கேயோ பார்த்திருப்பீர்கள்.

முதல் எபிசோடில் பாலத்தில் குண்டு இருப்பதாகச் செய்தி வருகிறது. அம்மாவுக்கு என்ன கவலை? பள்ளி லீவு விட்டுவிடுவார்களோ, இந்தப் பிள்ளைகளை இன்னொரு நாள் வீட்டில் வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டுமோ என்று. சித்திக்கு பியூட்டி பார்லர் போக முடியாத கடுப்பு. அப்புறம் பள்ளி பஸ்ஸை நிறுத்தித் துப்பாக்கியோடு சிப்பாய் ஏறுகிறான். மிஷெல் என்கிற வாயாடிக்கு அவனை எப்படித் தன் பக்கம் திரும்பிப் பார்க்க வைப்பது என்பது மட்டும்தான் யோசனை. நமக்குச் சிரிப்பு வரும்போதே அந்தத் துப்பாக்கியும் கண்ணில் படும். அது எங்கேயும் போகாது, பஸ்ஸிலேயேதான் நிற்கும்.

உன் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. பெரிய விஷயத்தைப் பற்றி அங்கே யாரும் வசனம் பேசுவதில்லை. ஒவ்வொருத்திக்கும் அன்றைக்கு வேண்டியது ஏதோ ஓர் அற்ப விஷயம், அதற்குப் பெரிய விஷயம் குறுக்கே வந்து நிற்கிறது. முதல் சீசனின் கடைசிக் காட்சியில் பள்ளி மேடையில் ஒருத்தி தனியாகக் கோமாளித்தனமாக ஆட, மற்றவர்கள் கேலிக்கு அவளை விட்டுக்கொடுக்காமல் ஓடிப்போய்க் கூட ஆடுகிறார்கள். அதே நேரம் வீட்டில் குடும்பமே டிவி முன்னால் நின்று குண்டுவெடிப்புச் செய்தி பார்க்கிறது. நான்கு பேரில் ஒருத்தியான எரினின் தாத்தாவுக்கு மருமகனைக் கண்டாலே ஆகாது. அந்தத் தாத்தா அப்போது மருமகன் தோளில் கை வைக்கிறார். ஒரு வார்த்தை கிடையாது. பார்த்து முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன், குழாயைத் திறக்காமலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உன் ஊருக்கு மாற்றிப் பார். படகு பிடிபட்டதைக் கண்டித்து தங்கச்சிமடத்தில் மறியல், ஸ்கூல் பஸ் போகாது. உன் கதாநாயகி கணக்குப் பரீட்சைக்கு ஒரு எழுத்தும் படிக்கவில்லை, உள்ளுக்குள் குதியாட்டம். பந்தலில் போய் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கோஷம் போடுகிறாள். திரும்பினால் பிடிபட்ட படகில் போனது பக்கத்து பெஞ்ச்காரியின் அப்பா. உன் இரண்டாவது எபிசோடும் மூன்றாவது எபிசோடும் ஒரே எபிசோட்தான், பிரிக்கவே பிரிக்காதே.

எங்கள் வகுப்பில் மண்டபம் இலங்கை அகதிகள் முகாம் பெண்கள் படித்தார்கள். முகாமில் செக்கிங் நாள் என்றால் எல்லாரும் உள்ளே இருந்தாக வேண்டும். ஒரு தடவை வகுப்பில் எல்லாருமாக சினிமாவுக்குக் கிளம்பிய அன்றைக்குத்தான் செக்கிங் வந்தது. எங்கள் கவலை முழுக்க, முகாம் தோழி ஒருத்தியின் டிக்கெட் காசு வீணாகிறதே என்பதில் இருந்தது. அவளும் அதைத்தான் சொல்லிச் சொல்லித் திட்டினாள். அகதி வாழ்க்கையைப் பற்றி அந்த வயதில் நாங்கள் பேசியதாகவே நினைவில்லை.

கடலோடி_பாம்பன்

பிடித்துக்கொண்டு போய் மாதக் கணக்கில் உள்ளே வைக்கிறான். படகை நாட்டுடைமை ஆக்குகிறான். வட்டிக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. உங்களுக்கு அது சிரிப்பா? வெளியூரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக்காரன் தொடர் பார்க்கிறவர்கள் யோசனை சொல்ல வேண்டாம்.

தங்கச்சிமடத்துக்காரி

அண்ணே, என் அப்பாவும் அந்தப் பக்கம் சிறையில் இருந்து வந்தவர்தான். விடுதலையாகி வந்த பிறகு கொஞ்ச நாள் வாயில் சிங்களம் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பூனையை 'மாத்தயா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாராவது எண்ணிப் பார்க்க வருவார்கள் என்பது போலக் கொஞ்ச நேரம் நேராக உட்கார்ந்திருப்பார். அம்மா, "எண்ணியாச்சு, ஒரு ஆளு சரியா இருக்கு, சாப்பிடுங்க" என்பாள். முதலில் சிரித்தது அப்பாதான். நான் எழுத நினைப்பது அந்தச் சிரிப்பை.

கடலோடி_பாம்பன்

சரிம்மா. அப்படியென்றால் எழுது. படகு விவரத்தில் தப்பு வந்தால் மட்டும் விடமாட்டேன். விசைப்படகு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போகும், மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்காமல் போக முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். சினிமாவில் மே மாதம் ஜாலியாக விசைப்படகு போகிறது.

கீழக்கரை வாசகி

நான் 'நெவர் ஹாவ் ஐ எவர்' பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்கு சீசன், 40 எபிசோட், 2020 முதல் 2023 வரை. முழுக்கப் பார்த்தேன், பிடித்தது. நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண். 15,000 பேர் விண்ணப்பித்ததில் தேர்வானவர். அம்மா நளினியாக வரும் பூர்ணா ஜெகந்நாதன் முறைப்பது அப்படியே எங்கள் டியூஷன் டீச்சர். ஆனால் முதல் சீசனில் விநாயகர் பூஜை எபிசோடில் ஒரு பெண் வருவாள். முஸ்லிமைக் கட்டிக்கொண்டாள், குடும்பம் ஒதுக்கியது, கடைசியில் விவாகரத்தும் ஆனது என்று எல்லாரும் ஒதுங்கி நின்று குசுகுசுப்பார்கள். அவளும் தேவியின் ஒன்றுவிட்ட அக்கா கமலாவிடம், பெரியவர்கள் பார்க்கும் மாப்பிள்ளையையே கட்டிக்கொள் என்பாள். ஒதுக்குகிறவர்களைக் கிண்டல் செய்கிறார்களா, சரிதான் என்கிறார்களா? எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

அதனால் தங்கச்சி, உன் நான்கு பேரில் ஒருத்தி முஸ்லிம் பெண்ணாக இருந்தால், தயவுசெய்து அவளை நல்லவளாக வைக்காதே. எல்லாத் தமிழ்க் கதையிலும் நாங்கள் பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறோம். அவளைப் பொறாமைக்காரியாக வை, புளுகியாக வை. வளைகுடாவிலிருந்து வாப்பா வந்து பெட்டி திறக்கிற ராத்திரியை எழுது. பெட்டியைச் சுற்றி எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருப்பார்கள். கோடாலித் தைலம், டாங் பாக்கெட், சென்ட் பாட்டில் ஒவ்வொன்றாக வெளியே வரும். லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, வந்த பேக் தனக்கு வந்ததை விடப் பெரிதா என்று ஒரு கண் அளந்துகொண்டே இருக்கும். கொடுத்தபோது "எதுக்கு வாப்பா இதெல்லாம்" என்றும் சொல்ல வேண்டும். உம்மா பூட்டி வைத்த சாக்லேட்டுக்காக நான் செய்த திருட்டு மட்டும் உனக்கு இரண்டு எபிசோட் தேறும்.

சாலிகிராமத்து அண்ணன்

டிவி சீரியலில் வசன உதவியாளனாக இருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம் ஆட்கள் இளசுகளை வைத்துச் செய்யாமல் இல்லை. 2006-ல் விஜய் டிவியில் 'கனா காணும் காலங்கள்' வந்து பள்ளிக்கூடமே பார்த்தது. 2024-ல் 'ஹார்ட் பீட்' வெப் தொடர் வந்தது. மருத்துவமனைக்குப் புதிதாக வரும் ரீனா, தன்னைப் பெற்றுவிட்டுப் பிரிந்த அம்மாவின் கீழேயே வேலை பார்க்கிறாள். அதில் சோகத்தை விட அந்தப் பயிற்சி டாக்டர்கள் அடிக்கும் அரட்டைக்குத்தான் ரசிகர்கள். தினசரி சீரியலில் இதைச் செய்ய முடியாது. அங்கே ஒரு பெண் வளர்ந்துவிட்டால் கதை முடிந்துவிடும், அதனால் வளரவே விடமாட்டோம். பதினெட்டு வயதில் தாலி, அப்புறம் மாமியார் வீடு. நானே எழுதியிருக்கிறேன், சம்பளம் வந்தது.

ஆறு எபிசோட் சரியான அளவு. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்: சடங்கு வீட்டில் கதையை ஆரம்பிக்காதே. ஃப்ளெக்ஸ் பேனர், தாய்மாமன் சீர், மஞ்சள் தண்ணீர், மூலையில் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் பெண். என் மேஜைக்கு வரும் கதைகளில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மண்டபம் அக்கா

அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் அலுப்புதான். பாட்டியைப் பார். பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள், விரல் முழுக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் மூச்சடக்கி முங்குகிறவர்கள். அப்படி ஒரு பாட்டி அறுபது வயதிலும் முங்கிக்கொண்டிருக்க, சடங்கான அன்றிலிருந்து பேத்தியைக் கடலோரம் போகாதே என்று அம்மா தடுத்து வைத்திருக்கிறாள். வீட்டிலேயே நீச்சல் தெரியாத ஒரே ஆள் பேத்தி. பாட்டிக்கு அது பெரிய மானக்கேடு. ராத்திரியில் திருட்டுத்தனமாக நீச்சல் சொல்லிக்கொடுக்க அழைத்துப் போகிறாள் என்று வை. ரோந்து வருகிறவன் டார்ச் அடித்தால் பாட்டி என்ன சொல்லிச் சமாளிப்பாள்? அதை நீயே கண்டுபிடி.

இன்னொன்று. 'டெர்ரி கேர்ள்ஸ்' இரண்டாவது சீசனில் இரண்டு மதத்துப் பிள்ளைகளையும் ஒரு முகாமுக்கு அழைத்துப் போவார்கள். நமக்குள் என்ன ஒற்றுமை, என்ன வேற்றுமை என்று கரும்பலகையில் எழுதச் சொன்னால், வேற்றுமைப் பக்கம் நிரம்பி வழியும். புராட்டஸ்டண்ட்காரர்கள் டோஸ்டரை அலமாரிக்குள் வைப்பார்கள் என்பது வரை எழுதுவார்கள். அந்தப் பலகை பிறகு பெல்ஃபாஸ்டில் அல்ஸ்டர் அருங்காட்சியகத்துக்கே போனது. உனக்கு அதற்கு இணையாகக் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா இருக்கிறது. இங்கிருந்து படகில் போகிறீர்கள், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அங்கிருந்து வருகிறார்கள், இரண்டு பக்கமும் ஒரே செபம். சோப்பு, பிஸ்கட், சேலை என்று பார்த்துப் பார்த்து ஒப்பிடுவார்களே, அதை எழுது.

தங்கச்சிமடத்துக்காரி

அக்கா, 2024-ல் மீனவர் சங்கங்கள் புறக்கணித்ததால் இங்கிருந்து போகவே இல்லை. நான் புது சுடிதார் தைத்து வைத்திருந்தேன். போராட்டம் நியாயம் என்று தெரியும், சுடிதாரும் கண் முன்னால் தொங்கியது. திருவிழா எபிசோடை அப்படியே வைத்துவிடுகிறேன்: நான்கு பேரும் கிளம்பத் தயாராகிறார்கள், போவதே இல்லை. கடைசியில் தனுஷ்கோடி வரை பஸ்ஸில் போய், போனில் 'வெல்கம் டு ஸ்ரீலங்கா' மெசேஜ் வந்ததும் வெளிநாடு போய் வந்ததாக ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். ரோமிங்கில் பேலன்ஸ் போய்விட, வீட்டுக்கு போன் போட ஒருத்தியிடமும் காசில்லை.

கீழக்கரை வாசகி

என் ஆளுக்குத்தான் பேலன்ஸ் இருக்கும். இல்லை என்று புளுகுவாள்.

தங்கச்சிமடத்துக்காரி

எழுதிவிட்டேன் லாத்தா, அந்தக் காட்சி அவளுடையதுதான். முதல் எபிசோட் முடிந்ததும் இங்கேயே போடுகிறேன். பாம்பன் அண்ணன் டோக்கன் விவரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பாட்டி வேஷத்துக்கு ஆள் தேடுகிறேன். எங்கள் அப்பாயியைக் கேட்டால், ஒரு நாள் பாசிக் கூலி கொடுத்தால் வருவேன் என்கிறாள்.