தங்கச்சி மகளுக்கு என்ன இனிஷியல் போடுவது?

முதுநகர்க்காரி:
வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறேன். என் தங்கை மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் மகள் என்னிடம்தான் வளர்கிறாள், ஜூன் வந்தால் ஆறு முடியும். தகப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர். ஆறு மாதம் போன் வந்தது, அப்புறம் அந்த நம்பரே இல்லை.

இப்போது ஒன்றாம் வகுப்பு சேர்க்கணும். பிரசவம் புதுச்சேரியில் (எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அப்படித்தான்). பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா பெயர் சரியாக இருக்கிறது. பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பெயர் வைப்பதற்கு முன்பே வாங்கியது, அப்படியே பீரோவில் கிடந்துவிட்டது.

பள்ளியில் விண்ணப்பம் வாங்கியவர், "எதுக்கும்மா சிக்கல்? அப்பா அம்மான்னு உங்க ரெண்டு பேர் பேரையே போட்டுடுங்க" என்றார். மாமியாரும் அதையே சொல்கிறார். என் வீட்டுக்காரருக்கும் மறுப்பில்லை. துறைமுகத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறார், பிள்ளை என்றால் உயிர். எனக்குத்தான் மனசு வரவில்லை. அங்கன்வாடியில் பெயருக்கு முன்னால் 'மு' போடக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். சுழி மட்டும் தலைகீழாக இருக்கும். அதை அழித்துவிட்டு 'சே' எழுது என்று எப்படிச் சொல்வது? என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

ரிடையர்டு_ரிஜிஸ்டர்:
அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள் அம்மா. பிறப்பு இறப்புப் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். பள்ளி ரிஜிஸ்டரில் ஒரு பெற்றோர், பிறப்புப் பதிவில் வேறு பெற்றோர் என்றால் அந்தப் பிள்ளைதான் பின்னால் ஆபீஸ் ஆபீஸாக அலையும். பிறப்புப் பதிவையே மாற்றலாம் என்று யாராவது புரோக்கர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 1969-ஆம் வருஷப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பொய்த் தகவல் கொடுப்பது குற்றம்.

காலியாக இருக்கும் பெயர் பெரிய விஷயமே இல்லை. பிறந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் இலவசம், அதற்கு மேல் 15 வருஷம் வரை சிறு கட்டணத்தோடு சேர்க்கலாம். தாய் தகப்பன்தான் வரணும் என்றில்லை, பாதுகாவலரும் கேட்கலாம். ஆனால் கடலூர் மாநகராட்சிக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. பிறந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். ஆஸ்பத்திரி புதுச்சேரி நகராட்சி எல்லையா, உழவர்கரை நகராட்சியா என்று சான்றிதழின் தலைப்பிலேயே இருக்கும், பாருங்கள். தங்கையின் இறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.

கெடிலக்கரை:
எல்லாரும் சட்டம் பேசுறீங்க. வளர்த்தவதான் அம்மா. நாளைக்கு வகுப்பில் "உங்க அப்பா எங்கே"ன்னு நாலு பேர் கேட்டால் அந்தப் பிஞ்சு என்ன சொல்லும்? பேசாமல் பேரைப் போடுங்க.

பால்குடம்:
அப்படிப் போடப்பட்ட பிள்ளை நான். சுனாமி வந்தபோது எனக்கு ஒன்றரை வயது. தேவனாம்பட்டினத்தில் அப்பா, அம்மா ரெண்டு பேரும் போய்விட்டார்கள். வீராம்பட்டினத்து அத்தை தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார். பள்ளியில் தன் பெயரையும் மாமா பெயரையும் கொடுத்தார். அத்தை மேல் குறையே சொல்ல மாட்டேன், எல்லாம் பாசத்தில் செய்தது.

வருஷா வருஷம் டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் கூட்டிப்போய் என் கையில் ஒரு சொம்புப் பாலைக் கொடுத்து கடலில் ஊற்றச் சொல்வார். ஊரே ஊற்றும், நானும் ஊற்றுவேன். அது யாருக்கு என்று ஒன்பதாவது படிக்கும்போதுதான் தெரிந்தது. அதுவும் அங்கே ஒரு பாட்டி என் முகவாயைப் பிடித்து, "அப்படியே ஆத்தாக்காரி" என்று அழுததால். கேலிப் பேச்செல்லாம் நாலு நாளில் மறந்துபோகும் கெடிலக்கரை. இது போகவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போனபோது ரெண்டு தாளில் ரெண்டு அம்மா. அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

நோட்டரி_வாசல்:
வழக்கறிஞராகச் சுருக்கமாக. பள்ளியில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் உங்கள் பெயர் வரட்டும். எழுத்துப்பூர்வமாக உரிமை வேண்டுமென்றால் 1890-ஆம் வருஷக் காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனு போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். தத்து என்றால் பெரியம்மாவுக்கு வழி உண்டு, ஆனால் தகப்பன் இறந்ததாகத் தெரியாத நிலையில் அது நீளும், அவசரப்படாதீர்கள்.

இன்னொன்று. பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவரும் கைவிட்ட பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வருகிறது. நீங்கள்தான் தாய் என்று எழுதிவிட்டால் அதையும் எந்த வாயால் கேட்பீர்கள்? பெயர், குடியுரிமை, பெற்றோரை அறியும் உரிமை எல்லாம் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7, 8-ஆவது பிரிவுகளில் இருக்கிறது. இந்தியா 1992-லேயே சேர்ந்துவிட்டது.

முதுநகர்க்காரி:
எல்லாருக்கும் நன்றி. பால்குடம், உங்கள் பதிவை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் தங்கையின் போட்டோவைத் துடைத்து வைத்தார். சான்றிதழில் உழவர்கரை என்றுதான் இருக்கிறது. திங்கள்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன், பிறந்த ஆஸ்பத்திரியைப் பார்க்கணுமாம். ஒரு சந்தேகம்: தங்கை பெயரின் எழுத்தையும் சேர்த்து 'க.மு.' என்று பதியலாமா?

ரிடையர்டு_ரிஜிஸ்டர்:
தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சனிக்கிழமையே ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள், அங்கே கடையில் கூட்டமாக இருக்கும்.