அரிபொறி: ‘ஸ்கிரீன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உதகையில் ஒரு விடுதியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையப் பணியாளர்களுக்காகத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். கழிவுநீர் உள்ளே நுழைந்ததும் முதலில் எதிர்ப்படுவது ஸ்கிரீன். துணி, தலைமுடி, ஷாம்பு உறை, காய்கறித் தோல் எதுவும் பம்புக்குப் போய்ச் சிக்காமல் மறிக்கும் கம்பி வரிசை அது. மறித்ததைத் தானே மேலே வாரிக் கொட்டும் இயந்திரமும் சேர்ந்திருந்தால் மெக்கானிக்கல் ஸ்கிரீன். என்னிடம் உள்ள பழைய மொழிபெயர்ப்பில் இது ‘இயந்திரத் திரை’. அதை வாசித்த பணியாளர், “படம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

‘வடிகட்டி’ ஒத்துவராது. அதே நிலையத்தின் கடைசியில் மணல் வடிகட்டி இருக்கிறது. “வடிகட்டியைக் கழுவவும்” என்று எழுதினால் எதைக் கழுவுவது?

‘சல்லடை’ என்று பலரும் சொல்வீர்கள். அதனால் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் இடத்தில், பணி ஒப்பந்தத்தில் ‘சல்லடை பொருத்துதல்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வந்து இறங்கியது சட்டம் அடித்த கம்பி வரிசையும் நீளப் பிடி போட்ட ஒரு வாரியும். இயந்திரம் எங்கே என்று கேட்டேன். “சல்லடை என்று எழுதினீர்கள், சல்லடை வந்திருக்கிறது” என்றார்கள். அந்த ஜூலை முழுக்க, மழையிலும் குளிரிலும், ஒருவர் தொட்டி விளிம்பில் நின்று கையால் வாரிக்கொண்டிருந்தார். வெறும் கம்பி வரிசை வேறு, வாரும் பொறி வேறு என்று சொல்லிலேயே தெரிந்திருந்தால் அவர் அங்கே நின்றிருக்க மாட்டார்.

என் பரிந்துரை ‘அரி’ என்ற வினை. மாவைச் சலிக்கிறோம், அது உலர்ந்த பொருள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்பளத்தை அரித்தெடுக்கிறோம். நன்னூலில் பவணந்தி முனிவர் கடைமாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் நெய்யரியும் ஒன்று. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை அது. அவர் வைவதற்காகச் சொன்ன குணம்தான் எங்களுக்கு வேண்டிய குணம். 13ஆம் நூற்றாண்டின் கடைமாணாக்கன் எங்கள் நிலையத்தில் முதல் மாணாக்கன்.

ஆகவே வெறும் கம்பி வரிசைக்கு ‘அரிகம்பி’, வாரும் இயந்திரத்தோடு சேர்ந்தால் ‘அரிபொறி’. பொறி என்றால் எலிப்பொறியும் நினைவுக்கு வரும். நல்லதுதான், இதுவும் பிடிக்கிற பொறி. முதலில் ‘கழிவரி’ என்று எழுதிப் பார்த்தேன். கழிவுக்கு வரி கேட்டு வந்த நோட்டீஸ் போல இருந்தது. ‘கம்பி அரிப்பு’ என்றாலோ துருப்பிடித்த கம்பிதான் கண்ணில் நிற்கிறது.

கருத்துச் சொல்லுங்கள்.
உதகையிலிருந்து

*

ஐயா, நான் பட்டறைக்காரன். நன்னூல் எனக்கு எட்டாது. இரண்டு விஷயம் மட்டும்.

அரிசி அரிக்கும்போது கல் எப்படி நிற்கிறது? எடையால். அரிசி தண்ணீரோடு நகர்ந்துவிடும், கல் அடியில் தங்கும். அது ஸ்கிரீனுக்கு அடுத்து வரும் மணல் தொட்டியின் வேலை. சமையலறையில் வளர்ந்த எவருக்கும் ‘அரித்தல்’ என்றதும் அப்பளத்துக்கு முன்னால் அரிசிதான் நினைவுக்கு வரும். உங்கள் சொல் ஒரு தொட்டி தள்ளிப் போய் விழுகிறது.

அடுத்தது, வரைபடத்தில் ‘கம்பி’ என்று மொட்டையாக எழுதினால் என் பையன்கள் உருண்டைக் கம்பியை வெட்டிவிடுவார்கள். இங்கே வேண்டியது பட்டைக் கம்பி. மெல்லிய விளிம்பு நீரோட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அகலம் நீரோட்டத்தின் போக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் குப்பை வந்து மோதினாலும் வளையாது. நீர்மட்ட இழப்பை மட்டும் கணக்கிட்டால் உருண்டை மேல்தான்: கிர்ஷ்மர் சூத்திரத்தில் கம்பியின் வடிவத்துக்கான எண் கூர்விளிம்புப் பட்டைக்கு 2.42, உருண்டைக்கு 1.79; எண் குறைந்தால் இழப்பும் குறையும். ஆனால் கணக்கு ஒரு பக்கம் இருக்க, கம்பி வளையாமல் நிற்க வேண்டாமா? கையால் வாருவது என்றால் நன்றாகச் சாய்த்து வைப்போம். பொறி வாருவது என்றால் 60 முதல் 90 டிகிரி வரை நிமிர்த்தலாம், இடம் மிச்சம்.

சல்லடையே போதும் என்பது என் எண்ணம். ‘வாரும் சல்லடை’ என்று எழுதியிருந்தால் உங்களை யாரும் ஏமாற்றியிருக்க முடியாது.
கோவையிலிருந்து

*

தம்பிக்கு,

அரிபொறி வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘அரிப்பொறி’ என்று யாராவது திருத்தினால் விடாதீர்கள். அரிக்குத் திருமால் என்றும் சிங்கம் என்றும் பொருள் உண்டு. கூண்டு வைத்துப் பெருமாளைப் பிடிக்கப் போகிறீர்களா என்று கேட்பார்கள்.

உண்மையான சிக்கல் காதில் இருக்கிறது. இன்று ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துச் சொல்பவர் எத்தனை பேர்? பணியாளர்களுக்கு வாசித்துக் காட்டினால் ‘அறிபொறி’ என்று விழும். கணினி வரப்போகிறது என்று காத்திருப்பார்கள்.
பழனியிலிருந்து

*

அன்புள்ள குழுவினருக்கு,

அரிசி விஷயத்தில் கோவை ஐயா சொல்வது சரி. ஒரு நாள் முழுக்க அதற்குப் பதில் தேடினேன். பதில் கேத்திப் பள்ளத்தாக்கில் கிடைத்தது. கேரட் கழுவும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். இடைவெளி விட்ட பெரிய உருளை சுழல்கிறது, தண்ணீர் பாய்கிறது, மண் இடைவெளி வழியே வெளியேறுகிறது, கேரட் உள்ளேயே உருண்டு மறுமுனையில் வந்து விழுகிறது. எங்கள் துறையில் உருளை ஸ்கிரீன் என்பது ஏறத்தாழ இதுதான்; இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் குறுகிவிடும், கேரட்டுக்குப் பதில் குப்பை வந்து விழும், அவ்வளவே. இங்கே எடை எதையும் தீர்மானிப்பதில்லை. இடைவெளிதான் தீர்மானிக்கிறது. அங்கே நின்ற ஓட்டுநரிடம், “மண் அரிபடுகிறது என்று சொல்லலாமா?” என்று கேட்டேன். “மண் போகிறது, கேரட் அரிபடுகிறது” என்று திருத்தினார். எனக்கு அது போதும். அரிசியில் எடையாலும் அப்பளத்தில் கரண்டியின் கண்ணாலும் பிரித்தாலும், நீர்மத்தோடு இருப்பதிலிருந்து திடத்தைத் தனியே எடுப்பது இரண்டுக்கும் பொது. மணல் தொட்டிக்கு ‘மணல் தொட்டி’ என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால் மோதல் வராது.

‘வாரும் சல்லடை’ நல்ல சொல்தான். ஆனால் உருளையில் வாரியே கிடையாதே. அதை என்னவென்று சொல்வது? வினைத்தொகையில் ஒரு குடும்பமே வருகிறது: அரியுருளை, அரிதட்டு (துளையிட்ட தகடு), அரிகம்பி. கடைசியில் உள்ளதைக் கையேட்டில் ‘அரிபட்டை’ என்று மாற்றிவிட்டேன், பட்டறைப் பையன்களுக்காக.

அரிதட்டு எங்களுக்குக் கட்டாயம் வேண்டும், அதற்குக் காரணம் இந்த ஊர். காற்று அடித்தால் திறந்த தொட்டிக்குள் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையும் பைன் ஊசியும் வந்து விழுகின்றன. இலையைப் பட்டைகள் மறித்துவிடும். பைன் ஊசி நீளவாக்கில் திரும்பி, 6 மில்லிமீட்டர் இடைவெளியிலும் நழுவிவிடும், தலைமுடியும் அப்படியே. நீண்ட இடைவெளி ஒரு பக்கம்தான் மறிக்கிறது. வட்டத் துளை எல்லாப் பக்கமும் மறிக்கும். ஊசி குத்திட்டு வந்தால் துளைக்குள்ளும் போகும் என்பது வேறு கதை.

பழனி அம்மாவின் ரகர றகரச் சிக்கலை நேரில் சோதித்தேன். பணியாளர் ஒருவரிடம் வரைவை வாசித்துக் காட்டினேன்: “பொறியின் முன்னும் பின்னும் நீர்மட்ட வித்தியாசம் கூடினால் அரிபொறி தானே ஓடத் தொடங்கும்.” அவர் நிறுத்தி, “அறிந்து ஓடுவதால் அறிபொறியா?” என்று கேட்டார். உணரி (சென்சார்) மட்டத்தை அறிந்துதானே வாரியை ஓட்டுகிறது! தவறாகக் கேட்டும் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டார். இருந்தாலும் முதல் முறை வருமிடத்தில் ‘நீரரிபொறி’ என்று போட்டுவிட்டு, பிறகு அரிபொறி என்று சுருக்கிக்கொள்கிறேன். எழுத்துப்பிழையாவது வராது.

அவரே இன்னொன்றும் கேட்டார்: வாரி மேலே கொண்டுவந்து கொட்டுவதற்கு என்ன பெயர்? ‘கசடு’ என்றேன். “அது அடியில் படிவது அல்லவா? மாவு சலித்தால் மேலே நிற்பதைக் கப்பி என்போம், அதையே எழுதுங்கள்” என்றார். கப்பி என்றால் சாலையில் கொட்டும் கல்லும், கிணற்றில் கயிறு ஓடும் உருளையும்கூட. கோவை ஐயா, உங்கள் பட்டறையில் எதைக் கப்பி என்கிறார்கள்?
உதகையிலிருந்து