புத்தகத்தை வைத்து மாப்பிள்ளையை எடை போடலாமுங்களா?

வணக்கமுங்க. எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஜாதகம், தோட்டம், சம்பளம் எல்லாம் அப்பா விசாரித்துவிடுவார். நான் கேட்பது ஒன்றுதான்: பிடித்த புத்தகம் எது? முதலில் வந்தவர் பொன்னியின் செல்வன் என்றார். எத்தனை பாகம் என்றேன். இரண்டு என்றார். படம் பார்த்திருக்கிறார், பாவம்.

இப்போது வந்திருக்கும் பெருந்துறைக்காரர் நிஜமாகவே படிக்கிறவர். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலை என்னிடம் வாங்கிப் போனார். 1942இல் நம் ஊர்ப் பேச்சிலேயே வந்த கதை. புருஷனை இழந்தவள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். பத்து நாளில் திருப்பித் தந்தார். ஒரு பக்கம்கூட மடங்கவில்லை, உள்ளே அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். மனசு இளகிவிட்டது. அப்புறம் எப்படி இருந்ததுங்க என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சுங்க. ஆனா அந்தப் பொம்பளை பங்கு கேக்காம இருந்திருந்தா இவ்வளவு பிரச்சனை வந்திருக்காதுங்க."

சுருக்கென்றது. மகளுக்கும் பங்குண்டு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தாச்சு. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், வீட்டுக்கு இரண்டு ஏக்கர் மஞ்சள் காடும் இருக்கிறது.

"கதைக்கெல்லாம் கோபமா அம்மிணி?" என்கிறார் அம்மா. கதை கொலையில் முடிவதால் பெருந்துறைக்காரர் அப்படிச் சொன்னாரோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்கள். நேராகவே கேட்டுவிடலாமா, இல்லை இன்னொரு புத்தகம் கொடுத்துப் பார்க்கலாமா? கொடுப்பதென்றால் எது? இப்படி எடை போட்டு ஏமாந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்க.